பழைய பிளவும் புதிய அதிர்ச்சியும்

‘நமது பக்கத்தில் பூமியதிர்ச்சி இல்லை’ என்பது யாழ்ப்பாணத்தாரிடையே, சிறப்பாகத் தீவகத்தாரிடையே, நெடுங்காலமாக நிலைத்து வந்துள்ள ஒரு நம்பிக்கை. புயல் வரும், மழை பொய்க்கும், கிணறு உவர்க்கும், கடல் பொங்கும். இவற்றையெல்லாம் நாம் அறிவோம். காலடி நிலம் மட்டும் ஆடாது என்று உறுதியாக இருக்கின்றோம். 2004ஆம் ஆண்டு டிசெம்பர் 26ஆம் நாள் சுமாத்திராவுக்கு அருகே கடலடி நிலம் முறிந்தபோது இலங்கையில் 30,000க்கு மேற்பட்டோர் மாண்டனர். அவர்களைக் கொன்றது நீர், நிலமன்று. ஆதலால் அந்தப் பேரழிவுகூட நம் நம்பிக்கையை அசைக்கவில்லை. பூமியதிர்ச்சி பிறர் நாட்டில் நிகழ்வது, அதன் அலை மட்டுமே நம்மை வந்தடைவது என்று எண்ணி அமைதி கொண்டோம்.

இந்த நம்பிக்கைக்கு விஞ்ஞானத்தின் ஆதரவும் ஓரளவு உண்டு. பள்ளிக்கூடத்தில் நாமும் அவ்வாறே கற்பிக்கின்றோம். புவியின் மேலோடு ஒரே துண்டன்று, பல கவசத்தகடுகளாலானது. ஆண்டுக்குச் சில சென்ரிமீற்றர் வேகத்தில் அவை நகர்கின்றன. அவை மோதுகின்ற, உரசுகின்ற, விலகுகின்ற எல்லைகளிலேயே உலகத்துப் பூமியதிர்ச்சிகளுள் நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேற்பட்டவை நிகழ்கின்றன. யப்பானும் சிலியும் சுமாத்திராவும் இமயமலை அடிவாரமும் அத்தகைய எல்லைகளில் அமைந்தவை. இலங்கையோ எந்த எல்லைக்கும் ஆயிரம் கிலோமீற்றருக்கு அப்பால், இந்தியத் தகட்டின் உட்பகுதியில் இருக்கின்றது. ஆகவே நமக்கு அச்சமில்லை என்று மாணவன் முடிவு கட்டுகின்றான். ஆசிரியரும் அதை மறுப்பதில்லை.

இது பொய்யன்று, அரை உண்மை. ஆனால் பொய்யைக் காட்டிலும் அரை உண்மை நெடுநாள் வாழும். நூற்றிலே எஞ்சிய அந்தச் சில அதிர்ச்சிகளின் கதை என்ன? எல்லையே இல்லாத இடத்தில் நிலம் ஏன் முறிகின்றது? எல்லா இடத்திலும் முறியாமல் குறிப்பிட்ட சில இடங்களிலேயே ஏன் திரும்பத் திரும்ப முறிகின்றது? இவ்வினாக்களுக்கு விடை தேடும்போது, நம்முடைய பாக்கு நீரிணையின் அடியிலேயே அந்த விடையின் ஒரு பகுதி புதைந்து கிடப்பதைக் காண்போம்.

கட்ச் நாட்டின் சாட்சியம்

சரித்திரம் தரும் சாட்சியங்களுள் தலையாயது மேற்கிந்தியாவின் கட்ச் பிரதேசத்திலிருந்து வருகின்றது. கிட்டிய தகட்டெல்லைக்குச் சில நூறு கிலோமீற்றர் தொலைவிலுள்ள நாடு அது. வடக்கே ரண் எனப்படும் பெரிய உப்புச் சதுப்பு. மழைக்காலத்தில் நீர், கோடையில் வெண்ணிறப் பாலை. 1819ஆம் ஆண்டு யூன் 16ஆம் நாள் மாலைப் பொழுதில் அந்நாடு குலுங்கிற்று. புஜ் நகரத்து வீடுகள் ஆயிரக்கணக்கில் வீழ்ந்தன. 200 கிலோமீற்றருக்கு அப்பாலுள்ள அகமதாபாத்தில், நானூறு ஆண்டு நின்ற ஜும்மாப் பள்ளிவாசலின் உயர்ந்த தூபிகள் சரிந்தன. ஏறக்குறைய 1,500 பேர் மாண்டனர் என்பது வழக்கமாகச் சொல்லப்படும் கணக்கு.

அந்த மாலையில் நிகழ்ந்த வேறொரு காரியமே அறிஞர் உலகைத் திரும்பிப் பார்க்க வைத்தது. சிந்து நதியின் கிழக்குக் கிளை பாய்ந்த வழியில் சிந்திரி என்றொரு சிறு கோட்டை இருந்தது. சுற்றியிருந்த நிலம் தாழ்ந்தது, கடல்நீர் புகுந்தது, கோட்டையைச் சூழ ஓர் ஏரி உண்டாயிற்று. காவலிருந்தவர்கள் கோபுரத்தின் உச்சியில் ஏறி உயிர் தப்பினர், படகிலேயே மீட்கப்பட்டனர். அதே வேளையில், கோட்டைக்கு வடக்கே அதுவரை தட்டையாகக் கிடந்த சமவெளியில் கிழக்கு மேற்காக ஒரு மேடு எழுந்து நின்றது. நீளம் ஏறக்குறைய 80 கிலோமீற்றர். உயரம் சில மீற்றர். நதியை மறிப்பதற்குச் சிந்து நாட்டு ஆட்சியாளர் மேலே கட்டியிருந்த அணைகள் மனிதர் கட்டியவை. இதுவோ மனிதர் கை படாதது. ஆதலால் மக்கள் இதனை ‘அல்லாவின் அணை’ என்றனர். 1826ஆம் ஆண்டு வந்த பெருவெள்ளம் அந்த அணையையும் அறுத்துக்கொண்டு பாய்ந்தது.

1820களின் பிற்பகுதியில் அலெக்சாந்தர் பேர்ண்ஸ் என்ற பிரித்தானிய அதிகாரி அங்கு சென்று பார்த்துக் குறிப்பெழுதினார். புவியியல் என்னும் சாத்திரத்துக்கு அடித்தளமிட்டோருள் ஒருவரான சார்ள்ஸ் லையல் தம் பெருநூலில் சிந்திரியின் கதையைச் சேர்த்தார். கண்முன்னே நிலம் உயர்ந்ததற்கும் தாழ்ந்ததற்கும் அக்காலத்தில் கிடைத்த சிறந்த சான்றுகளுள் அது ஒன்றாயிற்று. ஆனால் நிலம் ஏன் அங்கே முறிந்தது என்ற வினாவுக்கு அன்று எவராலும் விடை கூற இயலவில்லை. விடைக்கு ஒரு நூற்றாண்டுக்கு மேல் காத்திருக்க வேண்டியதாயிற்று. அதற்குள் நிலம் மீண்டும் பேசியது. 1956ஆம் ஆண்டு யூலை மாதத்தில் அதே கட்ச் நாட்டின் அஞ்சார் நகரம் அதிர்ச்சியால் அழிந்தது; 115 பேர் மாண்டனர்.

முற்றுப்பெறாத பிளவு

பனைமரத்தைத் தறித்து வளைக்கும் சிலாகைக்குமாகப் பிளப்பதை நம்மூரவர் அறிவர். ஆப்பு வைத்து அடிக்க, மரம் நெடுக வாய் திறக்கும். தொழிலாளி பாதியில் ஆப்பைக் கழற்றிவிட்டுப் போய்விட்டால் மரம் இரண்டாவதில்லை; வெடிப்பு மூடிக்கொண்டது போலத் தோன்றும். பின்னொரு நாள் அந்த மரத்தை வளையாகத் தூக்கி வைத்துப் பாரமேற்றினால் அது எங்கே முறியும்? புதிய இடத்திலன்று, பழைய ஆப்பு விழுந்த இடத்திலேயே முறியும். கண்டங்களின் கதையும் இத்தகையதே.

இந்தியாவும் ஆபிரிக்காவும் மடகசுகாரும் அந்தாட்டிக்காவும் அவுஸ்திரேலியாவும் ஒரு காலத்தில் கொண்டுவானா என்னும் ஒரே பெருநிலமாக இருந்தன. கீழிருந்து எழுந்த வெப்பமும் பக்கங்களிலிருந்து வந்த இழுவையும் அந்நிலத்தைப் பல இடங்களில் கிழிக்கத் தொடங்கின. நிலம் இழுபட்டு மெலியும்போது, சமாந்தரமாக ஓடும் முறிவுகளுக்கு நடுவிலுள்ள பகுதி கீழே இறங்கும். நீண்ட பள்ளம் பிறக்கும். அடியிலிருந்து உருகிய பாறை அம்முறிவுகளினூடே ஏறும். கிழக்காபிரிக்காவின் பிளவுப் பள்ளத்தாக்கில் இந்தக் காரியம் இன்றும் நடந்துகொண்டிருக்கின்றது. இழுவை ஓயாது தொடர்ந்தால் பள்ளம் கடலாகும். செங்கடல் அவ்வாறு பிறந்தது. அத்திலாந்திக் சமுத்திரமும் தன் குழந்தைப் பருவத்தில் இத்தகைய பள்ளமாகவே இருந்தது.

ஆனால் தொடங்கிய பிளவுகள் யாவும் கடலாவதில்லை. ஓரிடத்திலிருந்து மூன்று திசைகளில் மூன்று பிளவுகள் ஓடத் தொடங்குவது உண்டு. அவற்றுள் இரண்டு வென்று சமுத்திரமாக, மூன்றாவது தோற்றுக் கண்டத்தின் உள்ளே குருட்டுச் சந்தாக நின்றுவிடும். இழுவை வேறிடத்துக்கு மாறியதும் அதன் நெருப்பு அடங்கும். ஆறுகள் தாழ்ந்த அந்த வழியைத் தேடி வரும். மண் கொண்டு வந்து நிரப்பும். காலப்போக்கில் மேலே வயலும் ஊரும் தோன்றும். கீழே ஒரு பிளவு கிடப்பதை மேலே உழுபவன் அறிய வழியில்லை. ஆயினும் ஆழத்தில் அந்த முறிவுகள் அப்படியே இருக்கின்றன. மெலிந்த மேலோடும் அதனுள் ஏறி உறைந்த கனமான பாறையும் சுற்றுப்புறத்தோடு ஒட்டாத ஒரு தழும்பாக நிலைத்துவிடுகின்றன.

இப்போது காட்சி மாறுகின்றது. கொண்டுவானாவிலிருந்து பிரிந்த இந்தியத் தகடு வடக்கே சென்று, ஏறக்குறைய 5 கோடி ஆண்டுகளுக்கு முன் ஆசியாவோடு மோதியது. அந்த மோதல் இன்னும் ஓயவில்லை. ஆண்டுக்கு ஏறக்குறைய 5 சென்ரிமீற்றர் வீதம் இந்தியா வடக்கு நோக்கி நகர்கின்றது. முன்னே இமயம் தடுக்கின்றது. பின்னே சமுத்திரத் தரை தள்ளுகின்றது. இந்த நெருக்கம் தகட்டின் ஓரத்தில் மட்டும் நிற்பதில்லை. கெட்டியான பலகையின் ஒரு முனையை அழுத்தினால் பலகை முழுவதும் அழுத்தம் பரவுவதுபோல, தகட்டின் உள்நாடெங்கும் அது பரவுகின்றது. பரவும் அழுத்தம் எங்கே வந்து சேரும்? பழைய தழும்பிலே சேரும். ஒரு காலத்தில் இழுபட்டபோது கீழ்நோக்கிச் சறுக்கிய முறிவுகள், இன்று நெரிபடும்போது அதே சரிவில் மேல்நோக்கி ஏறுகின்றன. இழுவையில் பிறந்த காயம் அழுத்தத்தில் மீண்டும் வாய் திறக்கின்றது.

கட்ச் நாடு ஏறக்குறைய 20 கோடி ஆண்டுகளுக்கு முன் கொண்டுவானா சிதறத் தொடங்கிய வேளையில் பிளந்து, பின் நின்றுபோன ஒரு பள்ளம். மேற்கிந்தியாவில் கட்ச், காம்பே, நர்மதை என மூன்று பிளவுகள் ஒன்றன்பின் ஒன்றாகத் தோன்றிய வரலாற்றை எஸ். கே. பிசுவாசு என்ற இந்தியப் புவியியலாளர் 1980களில் விளக்கி எழுதினார். 2001ஆம் ஆண்டு சனவரி 26ஆம் நாள் காலை கட்சில் 7.7 அளவான பேரதிர்ச்சி நிகழ்ந்தபோது, அதன் முறிவு பூமியின் மேற்பரப்பை எட்டவேயில்லை. ஏறக்குறைய 20 கிலோமீற்றர் ஆழத்தில், பழைய பிளவின் அடியில், நெரிபட்ட பாறை மேல்நோக்கித் தள்ளப்பட்டிருந்தது. 1819இல் எழுந்த வினாவுக்கு விடை இவ்வாறு கிடைத்தது.

பிளவுகளின் உறவினர்

கட்ச் தனித்த அதிசயமன்று. வட அமெரிக்காவின் நடுவே, கடலிலிருந்தும் தகட்டெல்லையிலிருந்தும் வெகுதூரத்தில், மிசிசிப்பி ஆற்றங்கரையில் நியூமட்ரிட் என்றொரு சிற்றூர் உண்டு. 1811 டிசெம்பர் தொடங்கி 1812 பெப்ரவரி வரையில் அங்கே தொடர்ந்து பேரதிர்ச்சிகள் நிகழ்ந்தன. ஆறு சிறிது நேரம் எதிர்த்திசையில் ஓடியதாகப் படகோட்டிகள் கூறினர். தாழ்ந்த நிலத்தில் றீல்பூட் என்ற ஏரி உண்டாயிற்று. பிற்காலத்து ஆய்வாளர் ஆற்று மண்ணின் அடியில் 50 கோடி ஆண்டுகளுக்கு மேற்பட்ட பழைய பிளவொன்றைக் கண்டனர். பழைமை கூடினால் தழும்பு ஆறிவிடும் என்ற எண்ணத்துக்கு அந்த ஆறு தக்க மறுமொழி.

இந்தியாவுக்குள்ளே பார்ப்போம். 1969ஆம் ஆண்டு ஏப்ரலில் பத்திராசலம் அதிர்ந்தது. அது கோதாவரிப் பிளவின் மேல் உள்ள ஊர். அதே பிளவுப் பள்ளத்தில் வந்து சேர்ந்த பழைய காடுகளே இன்று சிங்கரேணி நிலக்கரியாகத் தோண்டப்படுகின்றன. 1997 மே 22ஆம் நாள் ஜபல்பூர் அதிர்ந்தது. அது நர்மதைப் பள்ளத்தின் ஓரம். அந்த அதிர்ச்சி 35 கிலோமீற்றர் அளவான ஆழத்தில் பிறந்தது. கண்டங்களின் உள்நாட்டில் இத்துணை ஆழத்தில் அதிர்ச்சி பிறப்பது அரிது. பழைய பிளவின் வேர் எவ்வளவு தூரம் கீழே இறங்கியிருக்கின்றது என்பதை அது காட்டிற்று. கண்டங்களின் உட்பகுதியில் நிகழ்ந்த அதிர்ச்சிகளை உலகளாவத் திரட்டி ஆராய்ந்த ஜோன்ஸ்ரன், கன்ரர் என்ற இருவர், அவற்றுள் மிகப் பெரியவை பெரும்பாலும் முன்னொரு காலத்தில் இழுபட்டு மெலிந்த நிலப்பகுதிகளிலேயே நிகழ்ந்தவை என்று 1990இல் எடுத்துக்காட்டினர்.

ஒன்றை இங்கே தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். ஒவ்வொரு பழைய பிளவும் நாளைக்கே அதிரும் என்பது இதன் பொருளன்று. பெரும்பாலானவை உறங்குகின்றன. அழுத்தம் சேரும் வேகமும் அது வரும் திசையும் முறிவு சாய்ந்திருக்கும் கோணமும் அங்கே ஊறி நிற்கும் நீரும் ஒன்றுகூடினாலன்றி அவை விழிப்பதில்லை. விழிப்புக்கும் விழிப்புக்கும் இடையே நூற்றாண்டுகளும் ஆயிரத்தாண்டுகளும் செல்லும். பேரன் பாட்டனிடம் கேட்டறியும் நினைவு நூறாண்டுகளை எட்டுவதே அரிது. ஆகவே ‘எங்கள் பாட்டன் காலத்திலும் நடக்கவில்லை’ என்ற வாதம் மனிதர் கணக்கிற்குப் பெரிது. பூமியின் கணக்கிற்கு ஒன்றுமில்லை.

நம் கடலின் அடியில்

தமிழகத்துக்கும் ஈழத்துக்கும் இடையிலுள்ள கடல் பற்றிப் பேச்செழுந்தால் நம்மவரிடையே கடல்கோளும் குமரிக்கண்டமும் வந்து நிற்கும். பழைய இலக்கியத்திலும் இறையனார் களவியல் உரையிலும் கடல்கோள் பற்றிய செய்தி உண்டு. அது மதித்துப் பயிலத்தக்க மரபு. ஆயின் அதனோடு பிற்காலத்தில் ஒட்டப்பட்ட லெமூரியா, 1864இல் பிலிப் ஸ்கிளேற்றர் என்ற ஆங்கில விலங்கியலாளர் ஒருவகைக் குரங்கினத்தின் பரம்பலை விளக்குவதற்காகக் கற்பித்த நிலம். கண்டங்களே நகர்கின்றன என்பது நிறுவப்பட்டபின் அறிஞர் அதனைக் கைவிட்டனர். நாம்தான் இன்னும் விடவில்லை. கற்பனை நிலத்துக்காகக் கண்ணீர் விடும் நாம், உண்மையில் நம் கடலின் அடியிலே கிடப்பது என்னவென்று கேட்க மறந்தோம்.

அங்கே கிடப்பது ஒரு பிளவு. ஏறக்குறைய 13 முதல் 15 கோடி ஆண்டுகளுக்கு முன், அந்தாட்டிக்கா இந்தியாவிடமிருந்து பிரியத் தொடங்கிய காலத்தில், இந்தியாவுக்கும் இலங்கைக்கும் இடையிலும் நிலம் வாய் திறந்தது. புதுச்சேரியிலிருந்து காவிரிக் கழிமுகமூடாகப் பாக்கு நீரிணை வரை, தென்மேற்கு வடகிழக்காக மாறி மாறிப் பள்ளங்களும் முகடுகளும் உண்டாயின. மன்னார் வளைகுடாவில் பிளவு மேலும் ஆழ்ந்தது. பின்னர் இழுவை வேறிடத்துக்குப் போயிற்று. அந்தாட்டிக்கா பிரிந்து சென்றது. இலங்கை இந்தியாவின் பக்கத்திலேயே நின்றுவிட்டது. பாக்கு நீரிணையின் அடியில் சமுத்திரத் தரை பிறக்கவில்லை. பள்ளத்தை ஆற்று மண்ணும் கடல் வண்டலும் நிரப்பின. எல்லாவற்றுக்கும் மேலே, பிற்காலத்தில் படிந்த சுண்ணாம்புக் கல்லின்மீது யாழ்ப்பாணமும் தீவகமும் அமைந்தன. 15 மீற்றர் ஆழமும் பெரும்பாலும் இல்லாத நம் கடல், கிலோமீற்றர்க் கணக்கில் ஆழமுள்ள ஒரு பழைய பள்ளத்தின் மூடி என்றே கூறலாம். புளியங்கூடலும் நயினாதீவும் நெடுந்தீவும் அப்பள்ளத்தின் கிழக்கோரத்து ஊர்கள். அடிநிலத்து முகடுகளுள் ஒன்றுக்கு ‘மண்டபம்–நெடுந்தீவு முகடு’ என்றே புவியியலார் பெயரிட்டுள்ளனர். கரையிலே இரு நாட்டுக் கொடிகள் பறக்க, அடியிலே ஒரே கல் இரு ஊர்களையும் தாங்கி நிற்கின்றது. நம்மைப் பிரிக்க இயற்கை ஒருகால் முயன்றது, முடியாமல் விட்டது.

இந்த அறிவு மக்களுக்காகத் தேடப்பட்டதன்று என்பதும் கவனிக்கற்பாலது. பழைய பிளவுப் பள்ளங்களில் எண்ணெயும் வாயுவும் தேங்கும். அவற்றைத் தேடியவர்களே இப்பள்ளத்தின் உருவைக் கண்டனர். காவிரிக் கரையில் நரிமணத்து எண்ணெய் அவ்வாறு கிடைத்தது. 1970களில் மன்னார்த் தீவின் பேசாலையில் இலங்கைப் பெற்றோலியக் கூட்டுத்தாபனம் சோவியத் நிபுணரின் உதவியோடு துளையிட்டது. 2011இல் மன்னார்க் கடலில் இயற்கை வாயு கண்டுபிடிக்கப்பட்டது. எங்கே செல்வம் இருக்கின்றது என்று காட்டும் படம் வெகுவிரைவில் வரையப்பட்டது. அதே படம் எங்கே பலவீனம் இருக்கின்றது என்பதையும் காட்டும். அந்தப் பாடம் மட்டும் அதன்மேல் வலை வீசும் மீனவனின் குடிசைக்கும் அவன் பிள்ளை படிக்கும் பள்ளிக்கும் வந்து சேரவில்லை.

நம் பக்கம் முற்றிலும் அசையாதது என்பதற்கும் சரித்திரம் இடங்கொடுக்கவில்லை. 1615ஆம் ஆண்டு ஏப்ரல் 14ஆம் நாள் கொழும்பில் நிகழ்ந்த அதிர்ச்சியைப் போர்த்துக்கேயர் எழுதி வைத்தனர். 200 வீடுகள் வீழ்ந்தன, 2,000 பேர் மாண்டனர் என்பது அப்பதிவு. 1900 பெப்ரவரியில் கோயம்புத்தூர் அதிர்ந்தது. 2001 செப்டெம்பர் 25ஆம் நாள் புதுச்சேரிக்கு அப்பால் கடலடியில் 5.5 அளவான அதிர்ச்சி நிகழ்ந்தது. 2020இல் கண்டி மாவட்டத்துத் திகனப் பகுதியிலும் 2023இல் புத்தளைப் பகுதியிலும் சிறு நடுக்கங்கள் உணரப்பட்டன. இவை எல்லாம் ஒரே காரணத்தால் வந்தவையல்ல. எல்லாவற்றையும் பிளவின் தலையில் ஏற்றுவது விஞ்ஞானமாகாது. கட்ச் நாட்டில் நிகழ்ந்தது போன்ற பேரதிர்ச்சி பாக்கு நீரிணையில் நிகழ்ந்ததாக வரலாறும் கூறவில்லை. கட்ச் தகட்டின் மூலையை அடுத்திருப்பது, நாமோ அதனினும் வெகுதூரத்தில் இருக்கின்றோம். ஆகவே அஞ்சி நடுங்க வேண்டியதில்லை. ஆனால் ‘இல்லை’ என்பதற்கும் ‘அரிது’ என்பதற்கும் இடையே பெரிய வேறுபாடு உண்டு. ‘இல்லை’ என்பவன் ஒன்றும் செய்யான். ‘அரிது’ என்பவன் சிறிதேனும் செய்வான்.

கொன்றது நிலமா, சுவரா?

2001ஆம் ஆண்டின் அந்தக் காலையை மீண்டும் நினைப்போம். அன்று இந்தியக் குடியரசு தினம். அஞ்சார் நகரத்துப் பள்ளிப் பிள்ளைகள் கொடிகளைக் கையிலேந்தி, ஆசிரியர் உடன்வர, ஒடுங்கிய தெருவொன்றின் வழியே ஊர்வலமாகச் சென்றனர். மணி 8.46. இரு பக்கத்து வீடுகளும் அவர்கள்மேல் சரிந்தன. 185 மாணவரும் 20 ஆசிரியரும் அங்கே மாண்டனர். பிள்ளைகளை வரிசைப்படுத்தி அழைத்துச் செல்வதைத் தொழிலாகக் கொண்ட எவரும் இச்செய்தியை வெறும் எண்ணாகப் படித்துவிட்டு அப்பால் போக இயலாது. அவர்களை நிலம் விழுங்கவில்லை. திறந்த வெளியில் நின்றிருந்தால் விழுந்து எழுந்து வீடு திரும்பியிருப்பர். அவர்களைக் கொன்றவை மனிதர் எழுப்பிய சுவர்கள்.

45 ஆண்டுகளுக்கு முன் அதே அஞ்சார் அழிந்திருந்தது. 1962இலேயே இந்தியா அதிர்ச்சியைத் தாங்கும் கட்டடங்களுக்கு விதிமுறை வகுத்து வெளியிட்டது. கட்ச் பேரபாய வலயம் என்று பின்னர் வந்த படங்கள் தெளிவாகவே காட்டின. அறிவு இருந்தது; காகிதத்தில் இருந்தது; சுவரில் இல்லை. 2001இல் ஏறக்குறைய 20,000 பேர் மாண்டனர். மூன்று இலட்சத்துக்கு மேற்பட்ட கட்டடங்கள் அழிந்தன. கிராமத்தில் வீழ்ந்தவை மண்சாந்தில் கல்லடுக்கிய ஏழைகளின் வீடுகள். வெகுதூரத்து அகமதாபாத்தில் வீழ்ந்தவையோ வாகனம் நிறுத்துவதற்காகக் கீழ்த்தளத்தைச் சுவரின்றித் தூண்களின்மேல் விட்டு, உச்சியில் பாரமேற்றி, இலாபத்துக்காக விரைந்து கட்டிய அடுக்குமாடிகள். ஓரிடத்தில் வறுமை கொன்றது; மற்றோரிடத்தில் பேராசை கொன்றது.

1993 செப்டெம்பர் 30ஆம் நாள் விடியுமுன் மகாராட்டிரத்துக் கில்லாரி அழிந்தது இன்னும் கொடிய பாடம். வெளித்தெரிந்த பிளவெதுவும் அங்கில்லை. அபாயம் மிகக் குறைந்த வலயம் என்றே அதிகாரப் படத்தில் குறிக்கப்பட்டிருந்தது. கணபதியைக் கரைத்துவிட்டு வந்து உறங்கிய மக்கள்மேல் தடித்த கற்சுவர்கள் வீழ்ந்தன. மாண்டவர் ஏறக்குறைய 10,000 பேர். அதிர்ச்சியின் அளவு 6.2 மட்டுமே. அதே அளவான அதிர்ச்சியைக் கட்டுப்பாட்டுடன் கட்டிய யப்பானிய நகரம் சில உயிர்களோடு கடந்துவிடும்.

இவ்விடத்தில் ஒரு பழைய விவாதம் நினைவுக்கு வருகின்றது. 1934 சனவரி 15ஆம் நாள் பீகாரில் பேரதிர்ச்சி நிகழ்ந்தது. தீண்டாமை என்ற பாவத்துக்குக் கடவுள் தந்த தண்டனை அது என்றார் காந்தியடிகள். தீண்டாமையைத் தாமும் வெறுத்த தாகூர், இயற்கை நிகழ்ச்சிக்கு இத்தகைய விளக்கம் கூறுவது விஞ்ஞானத்துக்கு முரணானது, மக்களின் பகுத்தறிவைத் தளர்த்துவது என்று எழுதினார். காந்தியடிகள் அம்மறுப்பைத் தம் பத்திரிகையிலேயே வெளியிட்டு விடையும் எழுதினார். இருவருடைய நேர்மையும் போற்றத்தக்கது. ஆனால் இவ்விடயத்தில் உண்மை தாகூர் பக்கமே. பாறை பாவ புண்ணியம் பார்ப்பதில்லை. பாவ புண்ணியமெல்லாம் பாறைக்கு மேலேதான்: யார் எந்தச் சுவருக்குள் உறங்குகின்றனர், யாருக்கு நல்ல சீமெந்து கிடைக்கின்றது, நிவாரணம் யார் வாசலுக்கு முதலில் வருகின்றது என்பவற்றிலே. 2001இல் கட்ச் கிராமங்களில் நிவாரணப் பந்தியிலும் சாதி பார்க்கப்பட்டது என்ற முறைப்பாடு எழுந்தது. நிலத்தின் பழைய பிளவோடு சமுதாயத்தின் பழைய பிளவும் அன்று வாய் திறந்தது.

நாம் செய்யத்தக்கது

தீவகத்தின் கட்டடங்களை ஒருமுறை கண்ணோட்டமிடுவோம். நெடுந்தீவில் பவளப்பாறைக் கல்லால் எழுப்பிய ஒல்லாந்தர் கோட்டையின் சிதைவும் சாந்தின்றி அடுக்கிய கல் வேலிகளும் நிற்கின்றன. ஊர்காவற்றுறையிலும் வேலணையிலும் புளியங்கூடலிலும் முன்னோர் சுண்ணாம்புச் சாந்தில் கட்டிய நாற்சார் வீடுகள், 1990களில் போரினால் ஊர் பெயர்ந்தபின் பராமரிப்பின்றி, சுவர் வெடித்து, ஆலும் அரசும் வேரோட நிற்கின்றன. அவற்றுக்குப் பக்கத்தில் மீண்டும் குடியேறியோரின் சிறிய கல்வீடுகள். புலம்பெயர்ந்த உறவினர் அனுப்பும் பணத்தில் எழும் மாடி வீடுகள். ஒவ்வொரு திருவிழாவுக்கும் உயர்ந்துகொண்டே போகும் கோபுரங்கள். இவற்றைக் கட்டும்போது வாஸ்து பார்க்கின்றோம், நாள் பார்க்கின்றோம், மூலைத்தூணின் கம்பியை எவரும் பார்ப்பதில்லை.

பெருஞ்செலவு எதுவும் வேண்டியதில்லை. கதவு சன்னல்களுக்கு மேலே வீட்டைச் சுற்றி ஓடும் கம்பி கட்டிய கொங்கிறீற்று வளையம். சுவரும் சுவரும் சேரும் மூலைகளில் பிணைப்பு. தூண் கம்பிகளைச் சுற்றிய வளையங்கள் நெருக்கமாக இருத்தல். கூரை சுவரோடு இறுகக் கட்டப்பட்டிருத்தல். உச்சியில் வீண்பாரம் ஏற்றாமை. ஊர் மேசன்மார் ஒரு வாரப் பயிற்சியில் கற்றுக்கொள்ளக்கூடியவை இவை. பூமியதிர்ச்சி நம் காலத்தில் வராமலே போகலாம். அப்போதும் இச்செலவு வீணன்று. 1964 டிசெம்பரில் தனுஷ்கோடியை அழித்த புயல் போன்றவை நிச்சயம் வரும். கூரையையும் சுவரையும் பிணைத்த அதே கட்டு அப்போதும் காக்கும். பள்ளிக்கூடங்களிலிருந்தே இதைத் தொடங்க வேண்டும். பிள்ளைகள் பகல் முழுவதும் இருப்பது அங்கேயே. ஊர் இடம்பெயரும்போது எல்லோரும் வந்து தங்குவதும் அங்கேயே.

அறிவையும் பொதுவுடைமையாக்க வேண்டும். கண்டிக்கு அருகே பல்லேகலையில் உள்ள கருவி உலகத்து அதிர்ச்சிகளைப் பதிவு செய்கின்றது. பாக்கு நீரிணையின் இரு கரையிலும் இத்தகைய கருவிகள் பெருகி, அவை அறிந்தவற்றை இரு நாட்டாரும் பங்கிட்டுக்கொள்வது அவசியம். ஒரே பிளவின் இரு கரையிலும் வாழ்வோர் மீனுக்காகச் சண்டையிடலாம்; அதிர்ச்சி அலை எல்லைக் கோட்டைக் கண்டு நிற்பதில்லை. பாடநூலில் ‘இலங்கையில் பூமியதிர்ச்சி இல்லை’ என்ற எண்ணம் எந்த மாணவன் மனத்திலும் பதியாமல், 1615இன் கொழும்பும் 1819இன் கட்சும் ஒருங்கே சொல்லித் தரப்பட வேண்டும். வரலாறு அரசர்களின் பட்டியல் மட்டுமன்று. நிலத்தின் நடத்தையை நினைவில் வைத்திருக்கும் பொறுப்பும் அதற்கு உண்டு.

சிந்திரிக் கோட்டையில் மாலைவரை நின்ற காவலருக்கு நிலம் தாழும் என்று சொல்ல எவரும் இருக்கவில்லை. அஞ்சாரில் கொடியேந்தி நடந்த பிள்ளைகளின் காலத்திலோ சொல்லவேண்டியவை யாவும் எழுதப்பட்டிருந்தன. அறியாமையால் மாண்டோருக்கு நாம் இரங்கலாம். அறிந்திருந்தும் செய்யாமையால் மாண்டோருக்கு இரக்கம் போதாது. அந்த மரணங்களுக்குச் சமுதாயம் கணக்குக் கொடுக்க வேண்டும். நம் கடலின் அடியிலுள்ள பிளவு 13 கோடி ஆண்டுகளாகப் பொறுமையோடு கிடக்கின்றது. இன்னும் பல தலைமுறைகளுக்கு அது அவ்வாறே கிடக்கக்கூடும். அந்தக் கால இடைவெளி நமக்குக் கிடைத்திருக்கும் அவகாசம். அதனை உறங்கிக் கழிப்பதும் உறுதியான சுவர்கள் கட்டிக் கழிப்பதும் நம்முடைய கையிலேயே இருக்கின்றது.